சிமுலேட்டர்லயே பார்க்க முடியாதா?

கண்ணம்மா,

அம்மாவுக்கு சுகர் கன்ட்ரோல்ல இருக்கு. பெரியப்பா விஷயம் ஒரு மாதிரி முடிஞ்சுது, நேர்ல பேசிக்கலாம். நீ ஒழுங்கா தூங்கறியா? போன் பண்ணா "மீட்டிங்ப்பா"ன்னு வச்சிடற, சரி, உன் வேலை அப்படி.

உன் பொண்ணு என்ன பண்றான்னு கேக்கறவங்களுக்கு விமானம்னு மட்டும் சொல்லி முழிக்கக் கூடாதுன்னு நீ சொன்ன அந்த இன்ஜினியர் டான் பேட்மேன் பத்தி உக்காந்து படிச்சேன். என்ன மனுஷன்! மலைல மோதறதுக்கு முன்னாடி பைலட்டை எச்சரிக்கிற கருவி, அவர் கண்டுபிடிச்சது, 1974-ல அமெரிக்காவுல பெரிய பயணிகள் விமானத்துக்கெல்லாம் அது கட்டாயம்னே உத்தரவு போட்டாங்களாம். ஆனா அது ரேடியோ ஆல்டிமீட்டரை, அதான் தரை எவ்வளவு கீழ இருக்குன்னு அளக்கறதை வச்சு, நேர் கீழ மட்டும் தான் பார்க்கும், எதிர்ல செங்குத்தா மலை வந்தா லேட்டா தான் கத்தும், அதுக்காக ஜிபிஎஸ்ஸோட உலகத்து மலை மேடெல்லாம் சேர்த்து வச்சு, சோவியத் யூனியன் உடைஞ்சப்போ அவங்க மேப்பைக் கூட விலைக்கு வாங்கி, அப்பப்பா. இதுல தான் என் பொண்ணும் இருக்கான்னு நெனச்சா பெருமையா தான் இருக்கு.

ஆனா ஒரு இடத்துல நிறுத்திட்டேன். 1971-ல அலாஸ்கால ஜூனோ பக்கத்துல ஒரு விமானம் மலைல மோதி 111 பேர் போனாங்களே, அதே பாதைல பேட்மேனே ஒரு சின்ன விமானத்துல கருவியோட போயிருக்கார். அலாரம் அடிச்சுதாம், ஆனா மோதறதுக்கு சில செகண்டு தான் இருக்கும்போது. அதுக்கு மேல படிக்கல.

தம்பி ஏதோ மலை, டெஸ்ட் ஃப்ளைட்னு வாய் தவறி சொன்னான், நான் மேல கேக்கல, நீயா சொல்லுவேன்னு தான். என்கிட்ட சொல்லாம அவன்கிட்ட சொல்லுவ, அதுவும் சரி தான். சும்மா தெரிஞ்சுக்கத் தான் கேக்கறேன், இதெல்லாம் சிமுலேட்டர்லயே பார்க்க முடியாதா? அவசியம் ஒருத்தர் உள்ள உக்காந்து தான் ஆகணுமா? அது நீயா தான் இருக்கணுமா?

சும்மா சும்மா கத்தினா பைலட்டுங்க அலாரத்தை மதிக்க மாட்டாங்கன்னு நீ தானே சொன்ன, இப்போ உனக்கு நானும் அந்தக் கேஸ் தான், தெரியுது. இருந்தாலும் சொல்றேன், மேகம் இருந்தா கிளம்பாதீங்க, ராத்திரி சரியா தூங்காம ஏறாத, பைலட் போதும்னு திரும்பினா "இன்னும் ஒரு தடவை"ன்னு கேக்காத, உனக்கு அந்தக் குணம் உண்டு.

இறங்கினதும் மெசேஜ் போடு. குடும்ப குரூப்ல வேண்டாம், எனக்கு மட்டும். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

அப்பா