ஆண்டறிக்கை: தொல்லிடங்களும் பறவைச் சரணாலயங்களும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் இவ்வாண்டுப் பயணங்கள் குறித்து வந்த குறைகளில் பெரும்பாலானவை இடத்தைப் பற்றியவை அல்ல, போய்ச் சேர்ந்த நேரத்தைப் பற்றியவை. ஆகவே இனி நடை சாத்தும் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிப் புறப்பாட்டை வகுக்கச் செயற்குழு முடிவு செய்துள்ளது.

தஞ்சைப் பெரிய கோயில் 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004இல் சேர்ந்தன. மூன்றும் வழிபாட்டில் உள்ள கோயில்கள், நண்பகலில் நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். தஞ்சையில் தொடங்கினால் இரண்டாவது கோயிலிலேயே பூட்டிய கதவு எதிர்ப்படும். விடியலில் கங்கைகொண்ட சோழபுரம், பத்து மணிக்குள் தாராசுரம், மாலையில் தஞ்சை என்பதே சரிப்பட்டு வருகிறது. உச்சிவெயிலில் வெறுங்காலுடன் கல்தளத்தில் நடக்கும் அவதியும் இல்லை. பெரிய கோயிலின் உட்சுற்றிலுள்ள சோழர் ஓவியங்களைப் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. புத்தகத்தில் பார்த்துவிட்டு வருவோர் அங்கே போய் ஏமாறுவதால், இதைச் சுற்றறிக்கையிலேயே அச்சிடுகிறோம்.

கல்வெட்டு வாசிப்போருக்கு ஒரு வார்த்தை: வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போதுதான் எழுத்தின் பள்ளத்தில் நிழல் நிற்கும். நண்பகலில் சுவர் தட்டையாகத் தெரியும். அப்போது சாக்பீஸோ மாவோ தேய்த்து எழுத்தைத் தெளிவாக்கப் பார்ப்பது கல்லைக் கெடுக்கும் வேலை. கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தாலே போதும்.

மாமல்லபுரத்தில் பெரும்பாறைச் சிற்பம் கிழக்கு நோக்கியது, காலையில் பார்க்க வேண்டியது. (அது காட்டுவது அர்ச்சுனன் தபசா, பகீரதன் தவமா என்ற வழக்கு பேருந்து திரும்பும்வரை தீரவில்லை.) கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே நாளில் போனால் ஒரே சீட்டுதான், முதல் வாசலிலேயே கசக்கி எறிந்தவர்கள் இரண்டாவதில் மறுபடி வாங்க நேர்கிறது.

வேடந்தாங்கலுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை என்பது பொதுக் கணக்கு. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பாவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது. நீர் நடுவே நிற்கும் மரங்களில்தான் பறவைகள் கூடு கட்டும்; நீர் வற்றினால் சுற்றி நின்ற நீரின் காவலும் போய்விடும். ஆகவே தேதி குறிக்குமுன் வனத்துறை அலுவலகத்தில் நீர்மட்டம் கேட்க வேண்டும். இரை தேடப் போன பறவைகள் கூட்டமாகத் திரும்பும் மாலை நான்கிலிருந்து ஆறு மணி வரை நல்ல நேரம். கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிடுவதை அடியோடு தடை செய்துள்ளோம். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதால் ஊரார் தலைமுறைகளாகக் காத்துவரும் இடம் அது.

சங்கத்துக்கு இனி 8×42 (எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை) இருநோக்கிகளே வாங்கப்படும். பத்து மடங்கு பெருக்கத்தில் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகிறது. மங்கிய மாலை ஒளிக்கு 42 மி.மீ. வில்லை தேவை.

நீலகிரிப் பயணத்துக்கு 2024 மே முதல் இ-பாஸ் (வண்டிகளுக்கான இணையவழி அனுமதி) நடைமுறை உள்ளது. வண்டி எண் தெரிந்தால்தான் விண்ணப்பிக்க முடியும் என்பதால், கடைசி நேரத்தில் வேறு வண்டி அனுப்புவதில்லை என்று பேருந்து உரிமையாளரிடம் முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்க வேண்டும். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

செயற்குழுவுக்காக,
செயலாளர்