காரணம் பார்க்காமல் டர்போவை மாற்றியது தொடர்பான புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
அண்ணா நகர், மதுரை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: பழைய டீசல் காருக்கு மாற்றிய புது டர்போ பழுதானதும், வாரண்டி மறுக்கப்பட்டதும்.

ஐயா,

உங்கள் நிறுவனத்தின் 2012 மாடல் சின்ன டீசல் காரைப் புதிதாக வாங்கி இன்றுவரை ஓட்டி வருகிறேன். ஆயில் மாற்றுவதிலிருந்து பிரேக் வேலை வரை எல்லாமே மதுரையிலுள்ள உங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில்தான் நடந்திருக்கிறது. அத்தனை ஜாப் கார்டுகளும் என்னிடம் உள்ளன. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு.

போன கோடை விடுமுறையில் கொடைக்கானல் போகும்போது, வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வண்டி இழுக்கவே இல்லை. ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தாலும் கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரிலேயே திணறியது. பின்னால் கரும்புகை. எப்படியோ திருப்பிக்கொண்டு மதுரை வந்து சேர்ந்தோம். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, “பூஸ்ட் பிரஷர் கம்மியா காட்டுது சார், டர்போ போயிடுச்சு” என்றார்கள். அதாவது, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ போதிய அழுத்தம் (பூஸ்ட்) தரவில்லையாம். வேறு எதையும் கழற்றிப் பார்க்கவில்லை. டர்போவை மாற்றி 58,000 ரூபாய் பில் போட்டார்கள். பழைய டர்போவைக் கேட்டேன். ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்றார்கள்.

பிக்கப் கொஞ்சம் தேறியது போலத் தெரிந்தது, முன்பிருந்த அளவுக்கு வரவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் விசில் அடிப்பது போல ஒரு சத்தம் ஆரம்பித்தது, அப்புறம் நீலப்புகை. ஆயில் அளவு மளமளவென்று குறைந்தது. மறுபடி கொண்டுபோய் விட்டபோது கிடைத்த பதில்: “வண்டிக்கு வயசாயிடுச்சு சார், தப்பான ஆயில் ஊத்தியிருக்கீங்க, வாரண்டி வராது.” அந்த ஆயிலை ஊற்றியது அதே சர்வீஸ் சென்டர்தான். கிரேடும் அளவும் அவர்களுடைய பில்லிலேயே அச்சாகியிருக்கிறது. தாங்கள் செய்த வேலையை வைத்தே என் மேல் பழி போட்டதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வேறு வழியில்லாமல் கே.புதூரில் டீசல் வண்டி வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் டர்போவைத் தொடுவதற்கு முன் இன்டர்கூலர் ஹோஸின், அதாவது டர்போ தள்ளும் காற்று எஞ்சினுக்குப் போகும் வழியிலுள்ள ரப்பர் குழாயின், கிளாம்பைத் தளர்த்தினார். கிளாம்பு மறைத்திருந்த இடத்தில், விரல் நீளத்துக்கு ரப்பர் வெடித்து எண்ணெய் கசிந்திருந்தது. “அண்ணே, காத்து பூரா இங்கயே போயிருது” என்றார். காற்று வெளியேறினால் பூஸ்ட் குறையும், கரும்புகை வரும், விட்ட காற்றை ஈடுகட்ட டர்போ அளவுக்கு மீறிச் சுற்றும். பூஸ்ட் குறைவு என்று ஸ்கேனர் சொன்னால் அது ஹோஸாக இருக்கலாம், டர்போவைக் கட்டுப்படுத்தும் வேக்குவம் பைப்பாக இருக்கலாம், புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இ.ஜி.ஆர். வால்வில் கரி பிடித்ததாகவும் இருக்கலாம். எது என்று கையால்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய பைப்பைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். மறுபக்கம் தெரியவில்லை. உள்ளே கரி இறுகி, குண்டூசி நுழையும் துளைதான் மிச்சம். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றுவது. அந்த வேகத்தில் அதைத் தாங்குவது ஆயில் படலம்தான். ஆயில் போகாவிட்டால் பேரிங் தேயும், தண்டு ஆடும், சீல் விட்டு ஆயில் எஞ்சினுக்குள் போய் எரியும். நீலப்புகை வந்தது அதனால்தான். டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் சீறிப்போகிற ஆபத்தும் இருக்கிறது. குழந்தைகளோடு போகும் வண்டி ஐயா இது.

புது டர்போ மாட்டும்போது ஆயில் பைப்பையும் மாற்ற வேண்டும், அல்லது சுத்தம் செய்து ஆயில் தாராளமாக வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது இந்த வேலையின் பால பாடம். உங்கள் பில்லில் பைப்பும் இல்லை, ஹோஸும் இல்லை. முதலில் இருந்த டர்போ உண்மையிலேயே பழுதாகியிருந்ததா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது, அதை என் கண்ணில் காட்டாமலே அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே, புது டர்போவை வாரண்டியில் மாற்றித் தாருங்கள், இல்லையென்றால் நான் கட்டிய தொகையைத் திருப்பித் தாருங்கள். வாரண்டியை மறுத்த காரணத்தை எழுத்தில் கொடுங்கள். இதுவரை வாய்வார்த்தையாகத்தான் சொன்னார்கள். இதே மாடலைப் பத்து வருடத்துக்கு மேல் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் வண்டியிலும் ஹோஸையும் பைப்பையும் பார்க்காமல் டர்போவில் கை வைக்கக் கூடாது என்று உங்கள் சர்வீஸ் சென்டர்களுக்குச் சொல்லுங்கள்.

பில், ஜாப் கார்டுகளின் நகல்கள், ஹோஸ் மற்றும் பைப்பின் படங்களை இணைத்திருக்கிறேன். கழற்றிய பாகங்கள் என்னிடமே பத்திரமாக உள்ளன, உங்கள் பொறியாளர் எப்போது வந்தாலும் பார்க்கலாம். 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு தாக்கல் செய்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மதுரை.