கூத்துக் கொப்பிகளைக் காக்க உதவியோருக்கு எங்கள் நன்றி

வாசிகசாலைக்கு உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

படுவான்கரையில் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரின் வீடுகளில் இருக்கும் வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகளின் கொப்பிகளை நாங்கள் ஸ்கேன் செய்து வருவது ஊரறிந்தது. 1978 சூறாவளியும் 2004 சுனாமியும் கண்ட மாவட்டம் இது. கடதாசியை நம்பி இருக்க முடியாது. ஒரே கணினியையும் நம்பி இருக்க முடியாது. பகலில் ஸ்கேன் செய்த பக்கங்கள் அன்றிரவே சேர்வரிலும் சேர்ந்துவிட வேண்டும். அந்த வேலை நடக்காமல் நின்றபோது கைகொடுத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில், வந்தாறுமூலையில் படிக்கும் எங்கள் தம்பிக்கு. சேர்வருக்கு முன்னால் இருந்து பார்த்தால் ஸ்கேன் கணினிகளின் பகிர்வுக் கோப்புறைகள் இசட் டிரைவாக ஒழுங்காகத் திறக்கும். இரவில் தானாக ஓடும் நகலெடுப்பு மட்டும் பாதை இல்லையென்று நின்றுவிடும். அந்த டிரைவ் எழுத்து அதை இணைத்தவருடைய அமர்வுக்கு மட்டுமே உரியது, ஆள் இல்லாத நேரத்தில் ஓடும் வேலையின் கண்ணுக்கு அது தெரியாது என்று தம்பி பொறுமையாக விளங்கப்படுத்தினார். எழுத்தை விட்டுவிட்டு, இரண்டு பின்சாய்கோட்டில் தொடங்கும் முழுப் பாதையைக் கணினிப் பெயரோடு எழுதினார். எங்களிடம் இருப்பது வெறும் வேர்க்குரூப், அதாவது கணக்குகளை ஒரே இடத்தில் வைத்திராத கணினி வலை. ஒரு கணினியின் கணக்கை மற்றது அறியாது. அதனால் எல்லாக் கணினியிலும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல்லோடு தனிக் கணக்கொன்று திறந்து, வேலையை அந்தக் கணக்கில் ஓடவிட்டார். குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெடியூலரில் கடவுச்சொல்லைச் சேமிக்காமல் விட்டால் வேலைக்கு அந்தக் கணினியில் உள்ளவை மட்டுமே எட்டும் என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். இரவில் ஸ்கேன் கணினிகள் உறங்கிவிடாதபடியும் செய்து தந்தார்.

கல்லடியிலிருந்து மண்முனைப் பாலத்தால் வந்துபோன அக்காவுக்கு எங்கள் கடன் இன்னும் பெரிது. கோப்புறையை எல்லோருக்கும் திறந்துவிடுங்கள், கணினிகள் கோப்புகளைப் பகிரும் முறையின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1ஐ இயக்கிவிடுங்கள், வேலை முடிந்துவிடும் என்று சிலர் சொன்னார்கள். அக்கா இடம் கொடுக்கவில்லை. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை நச்சுநிரல் உலகெங்கும் பரவியது அந்தப் பழைய எஸ்எம்பியின் ஓட்டை வழியாகத்தான் என்று எடுத்துச் சொன்னார். பகிர்வுக்கு ஓர் அனுமதி, கோப்புறைக்கு இன்னோர் அனுமதி. வலையால் வருபவருக்கு இரண்டில் எது இறுக்கமோ அதுவே செல்லும். இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, சேர்வருக்கு வாசிக்கும் உரிமை மட்டும் வைத்தார். நாளைக்குச் சேர்வரில் வைரஸ் புகுந்தாலும் அந்தக் கணக்கைக் கொண்டு ஸ்கேன் கணினியில் உள்ள மூலப் பக்கத்தை அழிக்க முடியாது. வயதான அண்ணாவியார் ஒருவர் எங்களை நம்பித் தந்த கொப்பிக்கு இதைவிடப் பெரிய மரியாதை எதுவென்று எங்களுக்குத் தெரியவில்லை.

கேபிள் இழுத்துத் தந்த மின்வேலைக்காரத் தம்பிமாருக்கும், வேலை நடந்த நாட்களில் சோறு தந்த வீட்டாருக்கும் மனமார்ந்த நன்றி.

கொப்பி தந்த குடும்பத்தார் பென்டிரைவோடு வாசிகசாலைக்கு வந்தால் தங்கள் பிரதியை இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். வீட்டில் இன்னும் கொப்பி வைத்திருப்போர் சொல்லி அனுப்புங்கள். நாங்களே வந்து எடுத்து, ஸ்கேன் செய்ததும் கையிலே திருப்பித் தருவோம்.

அன்புடன்,
வாசிகசாலைக் குழுவினர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.