யாரும் பேசாத நேரத்தைப் பார்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், அதுதான் தாமதம். இப்போது நன்றாக இருக்கிறார். நேற்று கண்ணாடி இல்லாமலே ஊசியில் நூல் கோத்துக் காட்டினார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

சரி, உன் போர்டு விஷயம். நாள் முழுக்க ஒழுங்காக இருக்கிறது, திடீரென்று பத்து நிமிஷம் டேட்டா குப்பையாக வருகிறது, ஒரு ஜோடி ஒயரில் டேட்டாவை அனுப்பி வாங்கும் ஆர்எஸ்-485 ஐசியை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். மூன்றாவது தடவை மாற்றாதே. போன வருஷம் நானும் அதில்தான் மூன்று வாரத்தைத் தொலைத்தேன்.

இங்கே ஒரு நூற்பாலையில் 24 எனர்ஜி மீட்டர்கள், எல்லாம் ஒரே ஜோடி ஒயரில், செகண்டுக்கு 9600 பிட் வேகத்தில், மோட்பஸ் என்ற கேள்வி-பதில் முறையில். பகலில் சுத்தமாக ஓடும். ராத்திரி ஷிஃப்ட்டில் சிஆர்சி பிழை, அதாவது செய்தியின் சரிபார்ப்பு எண் பொருந்தாத பிழை, கொட்டும். கடைசியில் அலையைப் படமாகக் காட்டும் ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு போய், பஞ்சு பறக்கிற இடத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தேன். டேட்டா ஓடும்போது அலை அவ்வளவு அழகு, ஏ, பி என்ற அந்த இரண்டு ஒயருக்கும் நடுவே 2 வோல்ட்டுக்கு மேல். யாரும் பேசாத நேரத்தில்தான் கோடு பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. பக்கத்து நூற்கும் மெஷினின் (ரிங் ஃபிரேம்) மோட்டார் டிரைவ் வேகம் பிடித்ததும் அந்தக் கோடு நடுங்கியது. அதே நேரம் ஐசியின் ரிசீவர் வெளியீட்டுக் காலில் சட்டென்று ஒரு பள்ளம்.

அப்போதுதான் விளங்கியது. ஏ-க்கும் பி-க்கும் உள்ள வித்தியாசம் +200 மில்லிவோல்ட்டுக்கு மேல் என்றால் 1, -200க்குக் கீழே என்றால் 0. நடுவில் இருந்தால் ரிசீவர் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். லைனின் இரண்டு முனையிலும் ஏ-க்கும் பி-க்கும் நடுவே 120 ஓம் ரெஸிஸ்டர் போட்டிருக்கிறோம், லைனை யாரும் ஓட்டாதபோது அவை அந்த வித்தியாசத்தைப் பூஜ்யமாக்கிவிடுகின்றன. ஒரு சின்ன இரைச்சல் போதும், அதை ஒரு பைட்டின் தொடக்கமான ஸ்டார்ட் பிட் என்று நம்பி, பிட்டுகளைச் சேர்த்து பைட்டாக்கும் யுஆர்ட் ஒரு பொய் பைட்டை உருவாக்கிவிடும். மோட்பஸ் ஒரு செய்தியைப் பிரித்தறிவது மூன்றரை எழுத்து மௌனத்தை வைத்து, 9600-இல் சுமார் 4 மில்லி செகண்ட். அந்த இடைவெளிக்குள் பொய் பைட் விழுந்தால் பின்னால் வரும் பதிலோடு ஒட்டிக்கொள்ளும், சிஆர்சி தப்பாகும். மீட்டர் அனுப்பியதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை, பாவம்.

லைனில் ஒரே ஓர் இடத்தில் ஏ-யை 5 வோல்ட்டுக்கும் பி-யைக் கிரவுண்டுக்கும் ரெஸிஸ்டர் வைத்து இழுத்தேன். முதலில் 680 ஓம் போட்டேன். இரண்டு 120-உம் சேர்ந்து 60 ஓம் ஆகிறதே, அதன்மேல் கிடைப்பது கணக்குப்படி 210 மில்லிவோல்ட்தான். மீட்டர்களின் சுமையும் சேர்ந்தால் அதுவும் கரைந்துவிடும். 560-க்கு மாற்றியதும் 250 கிட்ட வந்தது. அன்றிலிருந்து ராத்திரி ஷிஃப்ட்டிலிருந்து எனக்கு ஃபோன் வரவில்லை. பூஜ்யத்தையே 1 என்று படிக்கும் ஃபெயில்சேஃப் ஐசிகளும் உண்டு. அவற்றின் வரம்பு -50 மில்லிவோல்ட் வரை வரலாம், ஆலை இரைச்சலுக்கு அந்த 50 பற்றாது என்பது என் எண்ணம். அந்த ஐசி போட்டாலும் ரெஸிஸ்டரை நான் விடமாட்டேன்.

ஒன்று கவனி. உனக்குக் கெடுவது எப்போதும் கடைசி பைட் மட்டும்தானா? அப்படியானால் இது வேறு நோய். பஃபர் காலியானதும், ஐசியை லைனில் அனுப்ப விடும் டிஇ காலை இறக்குகிறாயா என்று புரோகிராமில் பார். பஃபர் காலியானாலும் கடைசி பைட் ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், 9600-இல் ஒரு மில்லி செகண்டுக்கு. அனுப்பி முடிந்தது என்று சொல்லும் கொடி வேறு, அதற்குத்தான் காத்திருக்க வேண்டும். வேறு இன்டரப்ட் குறுக்கே வந்து டிஇ இறங்கத் தாமதமானால் பைட் பிழைத்துவிடும். விட்டுவிட்டு வருவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அப்புறம், இரண்டு ஒயரோடு நிறுத்தாமல் மூன்றாவதாகக் கிரவுண்டையும் இழுத்திருக்கிறாய்தானே?

லைன் சும்மா இருக்கும்போது ஸ்கோப்பில் படம் எடுத்து அனுப்பு. பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் போர்டையும் எடுத்து வா, மாடியில் உட்கார்ந்து பார்த்துவிடலாம். அம்மா உன்னை விசாரித்தார்.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் கூட்டாளி