212-ஆவது சீவல்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை நீ பேசி வைத்த பிறகு அம்மா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் உடனே பதில் வரவில்லை. தொலைபேசியில் எதையும் கோவையாகச் சொல்ல எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். இரத்த அழுத்தத்தால் மாண்டவர்களின் மூளைத் திசுவை ஓராண்டாகச் சீவல் சீவலாகப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும், உன்னோடு சேர்ந்தவர்கள் ஸ்கேன் படங்களைக் கணினியில் ஏற்றி அதற்குள் கட்டுரைகளே வெளியிட்டுவிட்டதாகவும், உன் மேசையில் சீவல்களை ஏற்றிய கண்ணாடிச் சில்லுகளைத் தவிர ஒன்றுமில்லை என்றும் சொன்னாய். 212-ஆவது சீவல் வரை தொடர்ந்து வந்த ஒரு நுண்தமனி அதற்கடுத்த சீவலில் காணாமல் போய்விட்டது என்று சொன்னபோது உன் குரல் தழுதழுத்தது. இந்த வேலையை விட்டுவிட்டு வேறு ஆய்வுக்கு மாறலாமா என்று கேட்டாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

சீவல் என்ற சொல்லே நம் வீட்டுச் சொல்தான். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் அதைச் செக்‌ஷன் என்போம். உனக்கு ஆறு வயதிருக்கும்போது, அப்பா என்ன வேலை செய்கிறார் என்று பள்ளியில் கேட்டார்களென்று வந்து நின்றாய். அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்த பாக்குச் சீவலைக் காட்டி, இதைவிட நூறு மடங்கு மெல்லியதாக மனிதச் சதையைச் சீவுகிற வேலை என்றேன். அன்று நீ இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. 31 ஆண்டுகள் மைக்ரோடோம் என்ற சீவும் கருவியின் முன்னால் உட்கார்ந்தவன் என்பதால், நீ செய்யும் வேலையின் கனம் உன் தோழிகளைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாகப் புரியும். ஒரு சென்டிமீட்டர் திசுவைப் பத்து மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கனத்தில் ஒன்றையும் தவறவிடாமல் சீவினால் ஆயிரம் சீவல்கள் வரும். அவற்றை வெந்நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் சில்லில் ஏந்தி, சாயமேற்றி, எண்ணிட்டு, வரிசை மாறாமல் அடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பார்க்கும் வேலையே தொடங்குகிறது.

எங்கள் துறையில் இருந்த பேராசிரியர் ஒருவர், நான் அலுத்துக்கொண்ட ஒரு நாளில், நிழற்படி எடுத்த ஆங்கிலக் கட்டுரையொன்றைக் கொடுத்து, இதை எழுதியவரைப் பற்றித் தெரிந்துகொண்டு பிறகு அலுத்துக்கொள் என்றார். சார்லஸ் மில்லர் ஃபிஷர் என்ற பெயரை அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன். அவர் பெயரில் ஒரு நரம்பு நோய்க்குறித் தொகுப்பு இருப்பதை நீ பாடத்தில் படித்திருப்பாய். நான் சொல்ல வருவது அதையல்ல.

1913-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்தவர் அவர். போரில் கடற்படை மருத்துவராகச் சென்றார். 1941-இல் அவர் இருந்த வோல்டேர் என்ற கப்பலை ஜெர்மானியர் மூழ்கடித்தார்கள். பிடிபட்டுச் சுமார் மூன்றரை ஆண்டுகள் சிறை முகாமில் கிடந்தார். முப்பது வயதைக் கடந்து ஊர் திரும்பிய பிறகுதான் நரம்பியலுக்கே வந்தார். உனக்கு இப்போது வயது இருபத்தெட்டு என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

அவர் கழுத்துத் தமனியைத் தேடியது நீ இப்போது இருக்கும் அதே மாண்ட்ரியாலில்தான். பக்கவாதம் வந்தால், மூளைக்குள் ஒரு தமனி அடைத்துக்கொண்டது என்றோ, இரத்தக் குழாய் சுருங்கி இழுத்துக்கொண்டது என்றோ எழுதிவிட்டுப் போவது அந்நாளைய வழக்கம். பிரேதப் பரிசோதனையில் மண்டையைத் திறப்பார்கள், நெஞ்சைத் திறப்பார்கள். இடையிலுள்ள கழுத்தைத் திறக்க மாட்டார்கள். சடலத்தைப் பதப்படுத்துவோர் மருந்து ஏற்றுவதற்குக் கழுத்துத் தமனிகளே வழி என்பதால் அங்கே கத்தி வைக்கத் தயக்கம் இருந்தது. கழுத்தையும் பாருங்கள் என்று ராம்சே ஹன்ட் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 1914-லேயே எழுதியிருந்தார்; பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஃபிஷரோ நோயாளிகள் சொன்னதைக் கேட்டார். பக்கவாதம் வருவதற்குச் சில நாள் முன்பு ஒரு கண் சில நிமிடங்கள் இருண்டு தெளிந்தது என்று சிலர் சொன்னார்கள். அந்தக் கண், செயலிழந்த கைகாலுக்கு எதிர்ப்பக்கத்துக் கண். வலப்பக்கக் கழுத்துத் தமனி வலக் கண்ணுக்கும் வலப்பக்க மூளைக்கும் இரத்தம் தருகிறது. வலப்பக்க மூளை ஆள்வதோ இடக் கைகாலை. ஆகவே இரண்டுக்கும் பொதுவான இடம் மண்டைக்குள் இல்லை, கழுத்தில் இருக்கிறது என்று அவர் கணித்தார். கணித்ததோடு நில்லாமல், 400-க்கும் மேற்பட்ட சடலங்களின் கழுத்துத் தமனிகளை எடுத்துப் பார்த்தார். 1951-இல் வெளிவந்த கட்டுரையில், அபாயத்தை அறிவிக்கும் அந்தத் தற்காலிக அறிகுறிகள் தோன்றும் காலத்திலேயே அடைப்பைத் தாண்டி இரத்தம் செல்ல அறுவை மருத்துவம் ஒருநாள் வழி காணக்கூடும் என்றும் எழுதினார். மூன்று ஆண்டுகளுக்குள் அமெரிக்காவிலும் லண்டனிலும் அப்படிப்பட்ட அறுவைகள் நடந்துவிட்டன. ஆனால் அது உண்மையிலேயே பயன்தருகிறது என்று பெரிய ஆய்வு ஒன்று நிறுவியது 1991-இல்தான். அறிகுறி கண்டவர்களில், தமனி 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்தவர்களை எடுத்துக்கொண்டால், இரண்டு ஆண்டுகளில் அதே பக்கத்துப் பக்கவாதம் வந்தவர்கள் மருந்து மட்டும் பெற்றோரில் 26 சதவீதம், அறுவை செய்துகொண்டோரில் 9 சதவீதம். இடையில் ஓடியவை நாற்பது ஆண்டுகள்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தை உன்னிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை. உன் அப்பத்தாவுக்கு வாதம் வருவதற்குப் பத்து நாள் முன்பு, காலையில் காப்பி டம்ளர் கையிலிருந்து நழுவியது, வாய் குழறியது, கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. வாயுவாக இருக்கும் என்று பூண்டு தட்டிப் பாலில் போட்டுக் கொடுத்தோம். மறுநாள் ஊரில் பார்த்த மருத்துவரும் பலவீனம் என்று சத்து மாத்திரை எழுதினார், பிரஷர் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் நோயியல் துறையில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த நானே அது ஒரு முன்னறிவிப்பு என்று அறியாமல் இருந்தேன். பிறகு பதினோரு ஆண்டுகள் அப்பத்தா இடக்கையாலேயே பாக்கு வெட்டப் பழகிக்கொண்டு வாழ்ந்ததை நீ பார்த்திருக்கிறாய்.

ஃபிஷர் 1954-இல் பாஸ்டனிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்குப் போனார். உன் வேலையோடு நேரடியாகத் தொடர்புடையது அங்கே அவர் செய்ததுதான். மூளையின் அடியாழத்தில் பயறு அளவிலும் அதற்குச் சிறிதாகவும் காணப்படும் குழிகளை லாகூன் என்று பிரெஞ்சுக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே பெயரிட்டிருந்தார்கள். அவை எப்படி உண்டாகின்றன என்பது மட்டும் தெளிவாகவில்லை. ஃபிஷர் 1,042 மூளைகளைப் பார்த்து, அவற்றில் 114-இல் இந்தக் குழிகளைக் கண்டு 1965-இல் எழுதினார். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள். அதன் பிறகு அவர் செய்ததுதான் என்னை வணங்கவைத்தது: குழிகளைச் சுற்றியுள்ள திசுவைத் தொடர் சீவல்களாக்கி, ஒவ்வொரு குழிக்கும் இரத்தம் தந்த நுண்தமனியைக் கண்டுபிடித்து, அது எந்த இடத்தில், எதனால் அடைபட்டது என்று தேடினார். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள குழாய்கள் அவை. அவற்றின் சுவர் கொழுப்பேறிச் சிதைந்திருப்பதைக் கண்டு, லிப்போஹயலினோசிஸ் என்று அவர் வைத்த பெயர் இன்றும் உங்கள் புத்தகங்களில் இருக்கிறது. உணர்ச்சி கெடாமல் ஒரு பக்கம் மட்டும் செயலிழப்பது, செயல் கெடாமல் உணர்ச்சி மட்டும் மரத்துப்போவது, பேச்சுக் குழறலோடு ஒரு கை மட்டும் தடுமாறுவது என்று படுக்கையருகே நின்று அவர் வகுத்த நோய்க்குறிகளை இந்தக் குழிகளோடு பொருத்தினார். மூளையை ஸ்கேன் செய்யும் சி.டி. கருவியில் முதல் நோயாளியைப் படமெடுத்ததே 1971-இல்தான் என்பதைச் சேர்த்துப் பார்.

அவர் சொன்னதெல்லாம் அப்படியே நிலைத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. இந்தச் சிறு பக்கவாதங்கள் எல்லாவற்றுக்கும் அடைப்புத்தான் மூலமா, அல்லது குழாய்ச் சுவரின் காப்பு தளர்ந்து இரத்தக் கூறுகள் திசுவுக்குள் கசிவதில் தொடங்குகிறதா என்று எடின்பரோவில் ஜோஆனா வார்ட்லா போன்ற ஆய்வாளர்கள் கேட்டுவருவதாக நீதான் எனக்குச் சொன்னாய். அப்படியானால் அந்தக் கேள்விக்கு விடையை உன் மேசையிலுள்ள சில்லுகளில் தேடவேண்டியதாயிற்றே! ஸ்கேன் படம் குழியைக் காட்டும்; குழாயின் சுவரை அது இன்னும் சரியாகக் காட்டுவதில்லை. உன் தோழிகளின் வேலையைத் தாழ்த்திச் சொல்லவில்லை. அவர்கள் படத்தில் காணும் வெள்ளைத் திட்டு எதனால் வந்தது என்று அவர்களே ஒருநாள் உன்னிடம் வந்து கேட்கவேண்டியிருக்கும்.

இனி அந்த 212-ஆவது சீவலுக்கு வருகிறேன். குழாய் அங்கே முடிந்துவிட்டது என்று எழுதிவிடாதே. என் அனுபவத்தில், நன்றாக வந்த குழாய் ஒரே சீவலில் மறைந்தால் பெரும்பாலும் தவறு திசுவில் இருப்பதில்லை, எங்களிடம் இருக்கும். சில்லில் ஏற்றும்போது சீவல் தலைகீழாகத் திரும்பியிருக்கலாம். அப்படியானால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறித் தெரியும், நீ குழாயைத் தேடும் மூலையில் அது இருக்காது. அல்லது அந்த இடத்தில் கத்தியை மாற்றியிருப்பார்கள். புதுக் கத்தி பொருத்திய பின், திசுவைப் பொதித்த மெழுகுக் கட்டியை மறுபடி சமன்செய்ய நேரும்; அதில் இருபது முப்பது சீவல்கள் தூளாகப் போய்விடும், ஆனால் எண் மட்டும் 213 என்றே தொடரும். நான் கத்தி மாற்றிய ஒவ்வொரு முறையும் நோட்டில் ஓரமாக ஒரு பெருக்கல் குறி போடுவேன். என் பிரிவில் அதைப் பார்க்க ஒருவரும் கேட்டதில்லை. உங்கள் மெழுகுக் கட்டிகளைச் சீவிய தொழில்நுட்பரும் ஒரு நோட்டு வைத்திருப்பார். அதைக் கேட்டு வாங்கிப் பார். அவர் ஓய்வுபெற்றுவிட்டார் என்றால் விலாசம் விசாரித்து வீட்டுக்கே போ. போகும்போது அம்மா அனுப்பிய முறுக்கில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா