வால்வில் பிடித்த கரி

தலவாக்கலை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. மகளுக்குப் பேராதனை கிடைத்த செய்தியை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பண்டாரவளையில் ரயில் ஏறினால் நேரே போய் இறங்கலாம், உனக்கு அந்தக் கவலை இல்லை. இங்கே ஒரு மாதமாக விடாத மழை. எனக்கு முட்டு வலி, வீட்டுக்காரிக்கு இருமல். மற்றபடி சுகம்.

உன் கார் நின்ற இடத்தில் குலுங்குகிறது, ஓடத் தொடங்கினால் சரியாகிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். சிரிப்பு வந்தது. அதே வியாதியோடுதான் நான் இரண்டு மாதம் மாரடித்தேன். அப்பாவின் அந்த வெள்ளைக் கார்தான், 1996ஆம் ஆண்டு வண்டி. காருக்கு வருஷ லைசன் எடுக்கப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டு போனேன், ஃபெயில். சீட்டைப் பார்த்தால் காபன் மொனொக்சைட் சரி, ஹைட்ரோகாபன்தான் எகிறி நிற்கிறது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பெற்றோல் கூடுதலாகப் போனால் காபன் மொனொக்சைட்டும் சேர்ந்து ஏறும். ஹைட்ரோகாபன் மட்டும் ஏறினால் பெற்றோல் எரியாமலே வெளியே போகிறது, அதாவது இன்ஜின் மிஸ் அடிக்கிறது.

நான் யோசிக்கவில்லை, கராஜுக்குப் போனேன். மெக்கானிக் ஸ்பார்க் பிளக் நாலும் மாற்றினார். பிறகு பிளக் வயர். பிறகு பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியும் ரோட்டரும். குலுக்கல் அப்படியே இருந்தது. இன்னொரு கராஜில் "இன்ஜின் கழற்றணும்" என்றார்கள். காசு மட்டும் இருந்திருந்தால் கழற்றவும் விட்டிருப்பேன்!

அன்று இரவு ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்து, நம்ம பழைய ஸ்கூல் லேப் மாதிரி முறையாகத் தொடங்கினேன். ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றி இன்ஜின் எவ்வளவு தளர்கிறது என்று பார்த்தேன். வேலை செய்யாத சிலிண்டரின் வயரைக் கழற்றினால் சத்தம் மாறாது, ஆள் அகப்பட்டுவிடுவான். (இன்ஜினை நிறுத்திவிட்டுக் கழற்று. ஓடும்போது பிடித்து நான் வாங்கிய அடி போதும். கழற்றிய வயரை அந்தரத்தில் தொங்கவிடாதே, ஒரு பழைய பிளக்கை மாட்டி இன்ஜின் இரும்பில் படும்படி வை, இல்லாவிட்டால் பொறிக்கு மின்சாரம் தருகிற காயில் பழுதாகிவிடும்.) என் காரில் நாலும் ஒரே அளவுக்குத் தளர்ந்தன. நாலு பேரும் சமமாக நொண்டுகிறான்கள் என்றால் குற்றம் ஒரு பிளக்கில் இல்லை, நாலுக்கும் பொதுவான காற்றுப் பாதையில்.

பிறகு இரவலாக ஒரு வெக்கியூம் கேஜ் கிடைத்தது, இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற வேகத்தை அளக்கிற மீட்டர். இதைக் கவனமாகக் கேள். நல்ல இன்ஜின் ஐட்லிங்கில், அதாவது நின்ற இடத்தில் ஓடும்போது, 17 முதல் 21 அங்குலம் (பாதரசக் கணக்கில்) காட்டும் என்று புத்தகத்தில் இருக்கும். அது கடல் மட்டத்துக் கணக்கு. 1,000 அடி ஏறினால் ஏறக்குறைய ஒரு அங்குலம் குறையும். நீயும் நானும் இருப்பது ஏறக்குறைய 4,000 அடியில், அதனால் இங்கே 14, 15 காட்டினாலே இன்ஜின் சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். நுவரெலியாவில் இன்னும் இரண்டு குறைத்துக்கொள். கொழும்புக் கணக்கை வைத்துக்கொண்டு மலையில் எத்தனை நல்ல இன்ஜின்களைக் கழற்றியிருப்பார்களோ. என் கார் 10 காட்டியது, அதுவும் நடுங்கிக்கொண்டு.

எங்காவது காற்று ஒழுகுகிறதா என்று ஹோஸ் எல்லாம் தடவிப் பார்த்தேன், வெடிப்பு இல்லை. மிச்சம் ஈ.ஜி.ஆர். வால்வ். எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திருப்பி இன்ஜினுக்குள் விடுகிற சாமான் அது. உள்ளே சூடு தணியும், நைட்ரஜன் ஒக்சைட் குறையும். ஓட்டத்தில் அது திறக்கலாம், ஐட்லிங்கில் இறுக மூடியிருக்க வேண்டும். என்னுடையது மூடவில்லை. ஐட்லிங்கில் உள்ளே போகிற கலவையே கொஞ்சம், அதில் புகையும் கலந்தால் ஈர விறகு மாதிரி பற்றியும் பற்றாமலும் கிடக்கும். ஓட்டத்தில் ஏன் சரியாகிறது என்று இப்போது விளங்குகிறதா?

கழற்றினால் வால்வ் மூடி உட்காருகிற இடத்தில் மிளகளவு கரிக்கட்டி ஒன்று குந்தியிருக்கிறது. காபரேட்டர் கிளீனரும் பழைய பல் துலக்கும் பிரஷுமாக அரை நாள். வால்வைத் திறக்கிற டயாஃப்ரம் ரப்பர்ச் சவ்வில் கிளீனர் படாமல் பார்த்துக்கொண்டேன். புதிய கேஸ்கட் போட்டு மாட்டி, வெக்கியூம் குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்தேன். பிடித்து நின்றது, ரப்பர் ஓட்டையில்லை. இன்ஜின் ஓடும்போது அப்படி உறிஞ்சினால் அது தடுமாற வேண்டும். தடுமாறாவிட்டால் புகைப் பாதை அடைத்திருக்கிறது. கேஜ் 15க்கு வந்தது. புகைப் பரிசோதனையும் பாஸ்.

கராஜில் சொன்னால், "அந்த வால்வைத் தகரத்துண்டு வைத்து அடைத்துவிடுங்களேன், ஐயா" என்பார்கள். நம்ம பரிசோதனையில் நைட்ரஜன் ஒக்சைட்டை அளப்பதில்லை, அடைத்தாலும் பாஸாகும்தான். ஆனால் நானுஓயா ஏற்றத்தில் 92 ஒக்டேன் பெற்றோலோடு இன்ஜின் சூடேறிக் கணகணவென்று தட்டினால் அவர்கள் வந்து நிற்பார்களா? அடைக்காதே.

ஒன்று கேட்க மறந்தேன். உன் வண்டி காலையில் பனிமூட்டத்தில் மட்டும் மிஸ் அடிக்கிறதா, வெயிலிலுமா? பனியில் மட்டும் என்றால் வால்வைத் தொடாதே. இருட்டில் பொனெட்டைத் திறந்து, பிளக் வயரிலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பார். நீலப்பொறி ஓடுகிற இடம்தான் ஓட்டை. தொட்டுத் தொலைக்காதே.

கேஜை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். வரும்போது உங்கள் தோட்டத்து அவகாடோ கொண்டு வா.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி