பாய் ஏறுமுன் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்பான உறவுகளுக்கு,

வணக்கம். விக்டோரியா தின நீண்ட வார இறுதியில் நம் பாய்ப்படகுக் கழகத்தின் படகுகள் ரொறன்ரோ வெளித்துறைமுகத்தில் இறங்குகின்றன. இறங்கிவிட்டால் எல்லோருடைய கவனமும் காற்றிலும் பாயிலும் போய்விடும். மார்ச்சிலும் ஏப்ரலிலும் விறைத்த விரல்களோடு கரையில் நின்றவர்களின் பேச்சு பிறகு எழாது. அதனால்தான் படகு இறங்குமுன்பே இந்த நன்றியைச் சொல்லிவிட நினைத்தேன்.

அங்கத்தவர்கள் எல்லோருக்கும் ஆங்கிலத்தில் ஒரு மடல் ஏற்கெனவே போய்விட்டது. இதைத் தமிழில் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. இந்த முறை வேலைக்கு வந்த பலர் கழக அங்கத்தவர்களே இல்லை. பிள்ளையைக் கூட்டிவந்த அம்மா, பேத்தியோடு பஸ்ஸில் வந்த தாத்தா, "சும்மா பார்த்துவிட்டுப் போகலாம்" என்று வந்து மாலை வரை நின்ற பக்கத்து வீட்டு அண்ணா என்று ஸ்காபரோவிலிருந்தும் மார்க்கம் நகரிலிருந்தும் வந்தீர்கள். உங்களில் நிறையப் பேர் "என் பெயரைப் போட வேண்டாம்" என்றீர்கள். சரி, ஒருவர் பெயரையும் போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதலில், படகுகளைக் கட்டும் மிதவை மேடைகளைத் தண்ணீரில் இறக்கியவர்களுக்கு. ஒன்ராரியோ ஏரி ஆழமானது, நடுப்பகுதி உறைவது மிக அரிது. ஆனால் துறைமுகத்துக்குள் பனிக்கட்டி பிடிக்கும். மேடைகளைத் தண்ணீரில் விட்டால் அது நசுக்கிவிடும் என்று இலையுதிர் காலத்திலேயே அவற்றைக் கரையேற்றிவிடுகிறோம். ஏப்ரலில் திரும்ப இறக்கி, ஒன்றோடொன்று பொருத்தி, அடியில் கிடக்கும் கொங்கிறீற் கட்டைகளோடு சங்கிலியில் பிணைக்க வேண்டும். நெஞ்சு வரை ரப்பர் காற்சட்டை போட்டுக்கொண்டு அந்தத் தண்ணீருக்குள் நின்ற தம்பிமாருக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? கரையில் கையுறையோடு நின்ற எங்களுக்கே விரல் மடங்கவில்லை.

சங்கிலியை எவ்வளவு தளர்த்தி விடுவது என்று அன்று ஒரு பெரிய விவாதம் நடந்தது. ஏரி வசந்தத்தில் ஏறத் தொடங்கி ஜூன் அளவில் உச்சத்துக்கு வரும். 2017-இலும் 2019-இலும் அது கரையேறி, ரொறன்ரோத் தீவுகளை வெள்ளக்காடாக்கியது உங்களுக்கு நினைவிருக்கும். இழுத்துக் கட்டினால் நீர் ஏறும்போது சங்கிலி மேடையை ஒரு பக்கமாகக் கீழே இழுக்கும். அதிகம் தளர்த்தினால் தென்மேற்குக் காற்றில் மேடைகள் ஒன்றோடொன்று மோதும். கட்டட வேலையில் இருக்கும் அண்ணா ஒருவர் அளவு கோலோடு வந்து, அன்றைய நீர்மட்டத்தையும் முந்தைய ஆண்டுகளின் மட்டத்தையும் தாளில் எழுதி, ஒவ்வொரு சங்கிலிக்கும் அளவு சொன்னார். அண்ணா, அந்தத் தாளைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டுக் களஞ்சியச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அடுத்த ஆண்டு யார் செய்தாலும் அதைப் பார்த்தே செய்வார்கள்.

அப்புறம் படகுகள். நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் ஆல்பகோர் என்ற வகைப் பாய்ப்படகுகள். 15 அடி நீளம், இரண்டு பேர் ஓட்டுவது, 1954-இல் இங்கிலாந்தின் உஃபா பொக்ஸ் வரைந்த வடிவம். ரொறன்ரோவில் இந்தப் படகு நன்றாக வேர்விட்டிருக்கிறது. பழகுகிறவர்களைப் பயமுறுத்தாது, தெரிந்தவர்களுக்கு நல்ல வேகமும் கொடுக்கும். ஆனால் நம் படகுகளுக்கு வயதாகிவிட்டது. கற்றுக்கொள்கிற பிள்ளைகள் மேடையில் இடிப்பதும் கரையில் இழுப்பதும் இயல்புதான். ஒவ்வொரு ஆண்டும் மேற்பூச்சில் வெடிப்பு, அடியில் தேய்வு, அடியில் நீருக்குள் இறங்கும் நடுப்பலகையின் பெட்டியில் கசிவு என்று வரும்.

கண்ணாடி இழைத்துணியும் பசையும் கொண்டு ஒட்டும் பைபர் வேலையைக் குளிரில் செய்ய முடியாது. பசை இறுகாமல் கொழகொழவென்று கிடக்கும். தறப்பாளால் கூடாரம் கட்டி, உள்ளே சூடாக்கி வைத்து, வாகனத் திருத்தகத்தில் வேலை செய்யும் இரண்டு அண்ணாமார் வார இறுதிகளை அதற்குள்ளேயே கழித்தார்கள். உடைந்த இடத்தைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்து, இழைத்துணியைப் பெரிய துண்டிலிருந்து சிறிய துண்டாக அடுக்கி, பசை இறுகியபின் மறுபடி தேய்த்து, கையால் தடவிப் பார்த்து, திருப்தி வராமல் இன்னொரு முறை தேய்த்தார்கள். அவர்கள் ஒட்டிய இடத்தை இப்போது தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காற்றறைகளில் மெதுவாகக் காற்றை ஊதி, வெளியே சவர்க்காரத் தண்ணீர் பூசி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்த சிறுவர்களும் அவர்களுடைய உதவியாளர்கள்தான். படகு கவிழ்ந்தால் அதை மிதக்க வைப்பது அந்தக் காற்றறை. அதில் ஒரு கசிவைக் கண்டுபிடித்த சிறுமியின் கூச்சல் தெரு வரை கேட்டது.

பாய்மரங்களைத் தாங்கும் கம்பி வடங்களை ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்த அக்காவுக்குத் தனி நன்றி. அவர் மருத்துவமனையில் இரவு வேலை முடித்து நேரே வந்தவர். வடத்தில் ஒரு இழை அறுந்தால் அது முள்ளாக வெளியே நிற்கும். பஞ்சைச் சுற்றி வடத்தின் நீளத்துக்கு இழுத்துக்கொண்டே போனால் முள் பஞ்சைப் பிடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். இப்படி அவர் கண்டுபிடித்த வடங்கள் எல்லாம் மாற்றப்பட்டுவிட்டன. நல்ல காற்றில் ஒரு வடம் அறுந்தால் பாய்மரம் பிள்ளைகளின் தலைக்கு மேல் சாயும். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் எல்லோர் சார்பிலும் அக்காவுக்கு நன்றி சொல்கிறேன்.

பாய்களைப் பார்த்தவர் வல்வெட்டித்துறை ஐயா. வயதைச் சொன்னால் கோபிப்பார். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்த கதை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாலோடு ஊட்டியது. ஐயா அதைச் சொல்லத் தொடங்கினால் இங்கே பிறந்த பிள்ளைகள் கைவேலையை விட்டுவிட்டுக் கேட்பார்கள். ஆனால் கதை சொல்ல மட்டும் அவர் வரவில்லை. பாய்த் துணி நன்றாக இருந்தாலும் வெயிலில் முதலில் இற்றுப்போவது தையல் நூல்தான் என்று காட்டி, நகத்தால் கீறிப் பார்க்கச் சொல்லி, பிய்கிற இடத்தில் எல்லாம் பென்சிலால் கோடு போட்டுத் தந்தார். கீழ் மூலையில் கயிறு கட்டும் வளையத்தைச் சுற்றித் தோல் வைத்து அவர் கையால் தைத்ததைப் பார்த்தால் பிரிக்க மனம் வராது. எங்களுக்கு அது வேலை பழகிய நாளாகவும் அமைந்தது.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படுகிற ஒன்று. மே மாத வெயிலை நம்பி ஏரியை நம்பக் கூடாது. கரையில் 20 பாகை காட்டும்போதும் ஏரித் தண்ணீர் பத்துக்குக் கீழே இருக்கும். குளிர்நீரில் விழுந்தால் என்ன நடக்கும் என்பதை இந்த நாட்டில் 1-10-1 என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். முதல் ஒரு நிமிடம் மூச்சு திணறும், அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அடுத்த பத்து நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் அந்த ஒரு மணி நேரமும் தலையை நீருக்கு மேலே வைத்திருக்க உயிர்காப்பு அங்கி வேண்டும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்கூட முதல் நிமிடத்திலேயே தண்ணீர் குடித்துவிடுகிறார்கள்.

அதனால் அங்கிகளைச் சோதிக்கும் வேலையை நாங்கள் அவசரமாக முடிக்கவில்லை. தையல் தெரிந்த அன்ரி ஒருவர் தன் மெசினையே காரில் கொண்டுவந்திருந்தார். ஆனால் கிழிந்த அங்கியைத் தைத்துத் திருத்தினால் அது கனடாவில் அங்கீகாரம் பெற்ற அங்கியாகாது. இதைச் சொன்னபோது அன்ரியின் முகம் வாடியது. பிறகு அவரே கிழிந்தவை, நுரை நசுங்கியவை, பட்டி இற்றவை எல்லாவற்றையும் தனியாகப் பிரித்து, யாரும் மறந்தும் எடுத்துப் போடாதபடி கத்தரியால் வெட்டிப் போட்டார். மெசினையும் சும்மா விடவில்லை, படகு மூடும் துணிகள் எல்லாம் அவர் கையால் புதுத் தையல் கண்டன. வெட்டிப் போட்ட அங்கிகளுக்குப் பதில் புதியவை வாங்கப் பணம் தந்த குடும்பத்துக்கும் நன்றி. கோயிலுக்குக் கொடுப்பதுபோல் யாருக்கும் சொல்லாமல் கொடுத்தீர்கள். சிறு பிள்ளைகளின் அளவில் போதிய அங்கிகள் இருப்பது எனக்குத் தெரிந்து இதுவே முதல்முறை.

மீட்புப் படகின் எஞ்சினைக் கழற்றிப் பூட்டியவர், அது பிடித்துக்கொண்டதும் கைதட்டியவர்கள், 15 மீற்றர் மிதக்கும் எறிகயிறுகளைப் புதிதாகச் சுற்றி வைத்தவர், விசில்களைத் தேடிச் சேர்த்தவர் எல்லோருக்கும் நன்றி. எஞ்சின் படகு ஓட்டுவதற்கான அட்டை எடுக்கப் பரீட்சை எழுதித் தேறிய மூன்று இளையவர்களுக்கு வாழ்த்தும். இந்தப் பருவத்தில் நாம் தண்ணீரில் இருக்கும் நேரமெல்லாம் மீட்புப் படகில் ஆள் இருக்கும்.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்ராரியோவில் பட்டயம் பெற 40 மணி நேரச் சமூக சேவை கட்டாயம் என்பது தெரியும். அந்தப் படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளைகள் அவர்கள். மேடைகளில் வாத்துகள் போட்டுவைத்த எச்சத்தைச் சுரண்டுவதுதான் முதலில் கிடைத்த வேலை. அது யாருக்கும் பிடிக்கிற வேலை இல்லை. ஆனாலும் மணி நேரம் நிறைந்து, படிவத்தில் கையெழுத்தும் வாங்கிய பிறகு அடுத்த சனிக்கிழமையும் வந்து நின்றார்கள். இப்போது அவர்களுக்கு முடிச்சுகள் எங்களைவிட வேகமாக வருகின்றன. பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் ஏரிக்கரையில் எப்படி நடந்துகொண்டார்கள் என்று நீங்கள் பார்க்கவில்லை, நாங்கள் பார்த்தோம். பெருமைப்படுங்கள்.

சமையல் குழுவுக்கு என்ன எழுதினாலும் குறைவுதான். உருளைக்கிழங்கு ரோல்ஸும் சூடான இஞ்சித் தேநீரும் இல்லாவிட்டால் அந்த ஏப்ரல் காற்றில் பாதிப்பேர் மதியத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். கழகத்தின் பழைய அங்கத்தவர்கள் சிலர், தமிழர் அல்லாதவர்கள், இப்போது கட்டச்சம்பலின் செய்முறையை எழுதி வாங்கிக்கொண்டு போகிறார்கள். பல ஆண்டுகளாக இந்தக் கழகத்தைத் தாங்கி, எங்களைப் போல் பிறகு வந்தவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லித்தந்தவர்கள் அவர்கள். இந்த மடலை அவர்களால் வாசிக்க முடியாது. வாசித்துச் சொல்லும் பொறுப்பை அவர்களோடு வேலை செய்த பிள்ளைகளிடம் விடுகிறேன்.

இவ்வளவையும் விவரமாக எழுதுவது ஏன் என்று கேட்கலாம். நம் கழகத்தில் சம்பளத்துக்கு ஆள் இல்லை. படகு திருத்த, மேடை இறக்க, பாய் தைக்க எல்லாவற்றுக்கும் வெளியே கூலி கொடுத்தால் அந்தச் செலவு அங்கத்துவக் கட்டணத்தில்தான் ஏறும். ஏறினால் முதலில் நின்றுபோவது அடுக்குமாடியில் இரண்டு வேலை பார்க்கும் பெற்றோரின் பிள்ளைகள். ரொறன்ரோவில் ஏரியைச் சுவரொட்டியில் மட்டும் பார்த்து வளர்கிற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். இந்த ஆண்டும் கட்டணத்தை ஏற்றாமல், பிள்ளைகளின் வகுப்பில் இடங்களையும் கூட்ட முடிந்தது. குழுக் கூட்டத்தில் கணக்கைப் பார்த்தபோது அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது என்று தெளிவாகத் தெரிந்தது. அது உங்கள் சனிக்கிழமைகள்.

குளிரிலும் வெளித்துறைமுகத்துக்குத் தனி அழகு உண்டு என்பதை இந்த முறை நிறையப் பேர் சொன்னீர்கள். தெற்கே ஐந்து கிலோமீற்றருக்கு ஏரிக்குள் நீளும் லெஸ்லி வீதி முனை கட்டட இடிபாடுகளைக் கொட்டி உண்டாக்கிய நிலம். இன்று அங்கே ஆயிரக்கணக்கில் நீர்க்காகங்கள் கூடு கட்டுகின்றன. அந்த முனை அலையைத் தடுத்து நிற்பதால்தான் நம் சிறிய படகுகள் பிள்ளைகளோடு பயமில்லாமல் ஓட முடிகிறது. வேலைக்கு வந்தவர்கள் ஒருநாள் அதை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

யாரையாவது விட்டிருந்தால் செயலாளரிடம் சொல்லுங்கள், அடுத்த மடலில் சேர்ப்போம். வேலை செய்தும் இதுவரை படகில் ஏறாதவர்கள் பலர் இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். படகு இறங்கும் சனிக்கிழமை பிற்பகல் முழுவதையும் உங்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம். அனுபவமுள்ள ஒருவர் சுக்கான் பிடிப்பார், நீங்கள் முன்பாய்க் கயிற்றைப் பிடித்தால் போதும். காற்று பலமாக இருந்தால் அடுத்த நாளுக்குத் தள்ளிவைப்போம், அதைக் காலையிலேயே தொலைபேசியில் சொல்லிவிடுவோம். நனையக்கூடும், ஆகவே மாற்றுடுப்பும் கம்பளிச் சட்டையும் கொண்டுவாருங்கள். பருத்தி வேண்டாம், நனைந்தால் குளிரும். அங்கி இங்கே தருவோம்.

மிக்க நன்றியுடன்,
கழகத்தின் படகுப் பராமரிப்புக் குழு சார்பில்